ரோடிங் ஆற்றுக்கு ஒரு கல்யாண அல்பம்

கமராவை வைத்துவிட்டேன். முழங்கால்கள் சொல்வழி கேட்பதில்லை. மணவறைக்கு முன்னால் குந்தினால் எழும்புவதற்கு மாப்பிள்ளைத் தோழனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இனி நீங்கள் எடுங்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எந்த லென்ஸ், எந்த வெளிச்சம் என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பத்தாம் வகுப்புச் சோதனைக்கு முன்னமே பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜேர்மனியில் கோப்பை கழுவினேன். பாரிஸில் மீன் சந்தையில் பெட்டி தூக்கினேன். அங்கே ஒரு கமராக் கடையின் பின்னறையில் படுக்க இடம் கிடைத்தது. ஹீற்றர் இல்லாத அறை. குளிருக்கு நித்திரை வராதபோது திருத்த வந்த கமராக்களைக் கழற்றிப் பூட்டிப் பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான். ஒரு நாட்டில் நிலையாக இருக்க முடியாமல் கடைசியில் லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் விமானச் சீட்டு விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ என்று ஒரு பலகை மாட்டினேன்.

இந்தத் தொழிலில் மனிதரைப் பைத்தியமாக்குவது கமரா அல்ல. படம் எடுக்கச் சொல்கிறவர்களும் எடுத்த படத்தைத் திருத்துகிறவர்களும்தான். இரண்டு பகுதியிடமும் ஒரே நேரத்தில் அகப்பட்ட கதையைச் சொல்கிறேன். கல்யாணக் கதை அல்ல. ஓர் ஆற்றின் கதை.

லண்டனில் ஆறு என்றால் எல்லோருக்கும் தேம்ஸ்தான். மாப்பிள்ளை பெண்ணைக் கொண்டுபோய் அதன் பாலத்தடியில் நிறுத்தி, காற்றில் பறக்கிற சேலைத் தலைப்பைப் பிடிக்க ஓர் ஆளை ஒளித்து வைத்து, நானும் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். ஆனால் என் ஸ்டூடியோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ரோடிங் என்று ஓர் ஆறு ஓடுவது எனக்கே தெரியாது. நோர்த் சர்க்குலர் வீதியில் போகும்போது தடுப்புக் கம்பிகளுக்குக் கீழே மண்ணிறமாக ஏதோ கிடப்பதைக் கண்டிருக்கிறேன். கழிவு வாய்க்கால் என்று நினைத்திருந்தேன்.

ஒக்ரோபர் மாதத்தில் ஒரு நாள் மகாலிங்கண்ணை ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருடைய மகனின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். மனிதர் டென்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் கனகாலம் நின்று, மனைவி இறந்தபின் மகனோடு இருக்க இங்கே வந்தவர். படிக்கட்டு ஏறிய மூச்சு அடங்க முன்னமே கேட்டார்.

"தம்பி, உமக்கு ஆறு எடுக்கத் தெரியுமோ?"

"ஆறு நிண்டு தாறதுதானே அண்ணை. பொம்பிளை மாதிரி மேக்கப் முடியுமட்டும் காவல் இருக்கத் தேவையில்லை."

அந்த வாய்க்கொழுப்புக்குப் பிறகு நன்றாகப் பட்டேன்.

ரோடிங் கரையில் நகரக் கவுன்சில் வாடகைக்கு விடுகிற தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. அதில் கடைசி வரிசையில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ஆற்றோடு ஒட்டிய துண்டு அவருடையது. அதைப் பயிர்செய்யாமல் புல் வளரவிட்டிருக்கிறார் என்று கவுன்சில் கடிதம் அனுப்பியிருந்தது. சரியான காரணம் காட்டாவிட்டால் துண்டைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். பிறகு அவர் வயதில் வரிசையில் நின்று இன்னொன்று பெற முடியாது.

"நான் செய்யாமலே விட்டனான்? ஒவ்வொரு வருசமும் ஆறு ஏறி வந்து எல்லாத்தையும் வழிச்சுக்கொண்டு போகுது. அவையள் வந்து பாக்கேக்கை தண்ணி இறங்கியிடும். புல்லு மட்டும் நிக்கும். இப்பவும் அந்தப் புல்லுக்கை என்ரை பூசணிக்கொடி கிடக்கு, அவையளுக்குத் தெரியேல்லை. ஆரையாவது பிடிச்சு எழுதுவிச்சால், அங்கை தண்ணி ஏறுறேல்லை, கரை உயரம் எண்டு அந்தக் கவுன்சில் மனிசி பதில் எழுதுது."

"மகனைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்கலாமே?"

"அவன் விடச் சொல்லுறான். மரக்கறி டெஸ்கோவிலை வாங்கலாமாம்." சட்டைப் பையிலிருந்து ஒற்றைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "அந்த வீட்டுத் திறப்பு என்னட்டை இல்லை, தெரியுமோ? மறதியிலை கதவைத் திறந்து விட்டிடுவனாம். மருமகள் வேலையாலை வருமட்டும் நான் வெளியிலை. எனக்கெண்டு இருக்கிறது இந்தத் தோட்டத்துக் கேற்றுத் திறப்பு ஒண்டுதான். அதையும் திருப்பித் தரச் சொல்லி எழுதியிருக்கினம்."

இதற்குப் பிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

அந்தக் கிழமையே போனேன். முதல் நாள் பார்த்தபோது ஆறு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சேற்றுச் சரிவு. நடுவில் ஒரு நாடா அகலத்துக்குத் தண்ணீர். கவிழ்ந்து கிடந்த சுப்பர்மார்க்கட் தள்ளுவண்டியில் பாசி தலைமயிர் போலத் தொங்கியது. ஒரு பக்கம் மின்சாரக் கோபுரங்கள், மறுபக்கம் ஓயாமல் இரைகிற வீதி. வில்லோ மரங்களின் மஞ்சள் இலைகள் சேற்றில் விழுந்து ஒட்டி, நனைந்த காகிதம் போலக் கிடந்தன. ரயில் பாலத்தின் கொங்கிறீற் தூணில் யாரோ நீல நிற ஸ்பிரேயால் தன் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவைத்திருந்தான்.

கல்யாண மண்டபங்களில் என் வேலையில் பாதி, ஒளிப்பதுதான். தீ விபத்தில் வெளியேறும் வழி என்ற பச்சைப் பலகையை, ஹீற்றரை, அடுக்கிவைத்த கதிரைகளை, பெண்ணின் மாமனாருடைய கொட்டாவியை ஒளிப்பேன். அதே பழக்கத்தில் இங்கேயும் வண்டி தெரியாத கோணம், கோபுரம் தெரியாத கோணம் என்று தேடினேன். எல்லாவற்றையும் ஒளித்தபின் கமராவுக்குள் மிஞ்சியது சாம்பல் வானம் மட்டும்தான்.

"என்ன ஐசே, ஆகாயத்தை எடுக்கிறீர்? தண்ணியை எடும்."

"தண்ணி இல்லையே அண்ணை!"

"வரும். வாற இடத்தை எடும்."

"வராத தண்ணியை நான் எப்பிடி எடுக்கிறது?"

"நீர்தானே ஆறு நிண்டு தரும் எண்டனீர்?"

இப்படியே நாலைந்து தரம். நான் வந்தால் ஆறு கிடையாது. நான் போனபின், நேற்று கொஞ்சம் ஏறினது, உம்மைத்தான் காணேல்லை என்று போன் வரும். ஒரு பின்னேரம் மட்டும், சூரியன் மேகத்துக்கும் மேம்பாலத்துக்கும் இடையிலிருந்த இடைவெளிக்குள் இறங்கியபோது, அந்தச் சேறு முழுவதும் செம்புத் தட்டுப் போலப் பளபளத்தது. மின்சாரக் கம்பிகளின் நிழல் அதன்மேல் கோடு கோடாக விழுந்தது. ஓர் இலை தண்ணீர் நாடாவின் நடுவில் சுற்றிச் சுற்றி, எங்கேயும் போகாமல் நின்றது. இத்தனை நாள் தேம்ஸுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியதை நினைத்து எனக்கு என்னிலேயே எரிச்சல் வந்தது. பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். மகாலிங்கண்ணை எட்டிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் இதைக் காட்டினால், இவ்வளவு வடிவான இடத்தை ஏன் புல்லாக்கி வைச்சிருக்கிறாய் எண்டு கேப்பினம்."

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, இரவிரவாகப் பெய்த மழை அப்போதும் விடவில்லை. அன்று மத்தியானம் எனக்குக் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு. கோட்டுச் சூட்டுப் போட்டு, சப்பாத்து மினுக்கி, பைகளைக் காரில் ஏற்றிவிட்டேன். போன் அடித்தது.

"தம்பி, வந்திட்டுது! ஓடி வாரும்!"

"அண்ணை, எனக்கு இண்டைக்குச் சாமத்தியவீடு..."

"பெட்டை பெரிசானது ஆனதுதான், அது ஓடாது. தண்ணி ஓடியிடும்!"

போனேன். தேம்ஸில் கடல் ஏற்றம் உயரும்போது ரோடிங் தண்ணீர் இறங்க வழியில்லாமல் பின்வாங்கி ஏறும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கடைசி வரிசையில் நிலமே இல்லை. மண்ணிறத் தண்ணீர் வேலிகளுக்கு மேலால் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் மஞ்சள் இலைகள் பாயாக விரிந்து நகர்ந்தன. மகாலிங்கண்ணை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று, நீட்டுப் பிடி வைத்த வாரியால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் பூசணிக்காய்கள். அவர் வளர்த்த அத்தனை பூசணிக்காயும் கொடியோடு அறுந்து, மொட்டைத் தலைகள் போல மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"எடும்! எடும்! அந்தா போகுது என்ரை பூசணி! அதை எடும்!"

"எதை அண்ணை? பூசணியையோ, படத்தையோ?"

"இரண்டையும் எடுமன்!"

சப்பாத்தோடு ஓர் உரப் பெட்டிக்கு மேல் ஏறி நின்றேன். இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தண்ணீர் வடியத் தொடங்க முன் எனக்கு இருந்தது சொற்ப நேரம். கமராவுக்குள் பார்த்தால் எங்கும் தண்ணீர். வெறும் தண்ணீர் எதையும் சொல்லாது. அது எந்த நாட்டுக் குளமாகவும் இருக்கலாம். பூசணிக்காய் மிதப்பது வேடிக்கை, ஆனால் அதை யாரும் ஒரு வாளித் தண்ணீரிலும் மிதக்க விடலாம். இது இந்த இடம்தான், தண்ணீர் இந்த உயரம்தான் என்று சொல்கிற, யாராலும் அசைக்க முடியாத ஏதாவது ஒன்று படத்துக்குள் வேண்டும். சுற்றிப் பார்த்தேன். நான் இத்தனை நாளும் ஒளித்துத் திரிந்த பாலத் தூண் நின்றது. அந்த நீல எழுத்துகளின் இடுப்புவரை தண்ணீர். ஒரு பக்கத்தில் தூண், மறுபக்கத்தில் அண்ணையின் தோட்டத்து இலக்கப் பலகையின் தலை, நடுவில் பூசணிக்காய்களும் அவரும். அந்த ஒரு கோணத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

கோலியர்ஸ் வுட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டையின் தாய் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்னண்ணை, வயலுக்கை நிண்டோ வாறியள்? கம்பளம் வாடகைக்கு எடுத்தது. கழட்டுங்கோ உந்தச் சப்பாத்தை."

அன்று முழுவதும் காலுறையோடுதான் எடுத்தேன்.

படங்கள் நன்றாக வந்திருந்தன. நாலு படத்தைப் பெரிதாக அடித்து ஒரு கடித உறையில் வைத்துக் கொடுத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மகாலிங்கண்ணை விடவில்லை.

"கடதாசியாக் குடுத்தால் பைலுக்குள்ளை போட்டு மூடிடுவாங்கள். அல்பமாக் குடுத்தால்தான் மதிச்சுத் திறந்து பாப்பாங்கள். நல்ல தடிச்ச மட்டையிலை, மகன்ரை கல்யாணத்துக்குச் செய்தது மாதிரிச் செய்யும்."

"கவுன்சிலுக்கு அல்பமோ அண்ணை?"

"ஏன், அவை மனிசர் இல்லையே?"

அந்த நாட்களில் நாங்கள் அல்பம் என்றால் சென்னைக்குத்தான் அனுப்புவோம். படங்களை டிவிடியில் பதிந்து கூரியரில் போட்டால், அங்கே கணினிக்கு முன்னால் இருக்கிறவர்கள் முகத்துப் பருவை அழித்து, மண்டபச் சுவரை அழித்து, பின்னால் அரண்மனை வைத்து, மேலே ரோசாப்பூத் தூவிப் புத்தகமாக அடிப்பார்கள். அலைச்சல் மிச்சம் என்று வாடிக்கையாளர் வீட்டு விலாசத்துக்கே நேரே அனுப்பச் சொல்லிவிடுவோம். ஆற்றுப் படங்களை ஒரு கல்யாணத்தோடு சேர்த்து அனுப்பினேன். மேலே பெரிய எழுத்தில், ஆற்றுப் படங்களில் கைவைக்க வேண்டாம், இருக்கிறபடியே அடிக்கவும் என்று எழுதி ஒட்டினேன்.

மூன்று கிழமை கழித்து மகாலிங்கண்ணையின் போன்.

"தம்பி, அல்பம் வந்தது. அருமை! எனக்குக் கண்ணே கலங்கிட்டுது."

எனக்கும் சந்தோசம்தான். நாலைந்து தரம் அலைந்ததற்குப் பலன் என்று நினைத்தேன்.

"ஆனால் ஒண்டு ஐசே, அந்த இரண்டு அன்னமும் எப்ப வந்தது? நான் காணேல்லையே."

"என்ன அன்னம் அண்ணை?"

"தண்ணியிலை நிக்குது, கழுத்தைக் கழுத்தை வளைச்சுக்கொண்டு. தண்ணியும் நல்ல நீலம். மட்டையிலை இங்கிலிசிலை ஏதோ கிடக்கு. காதல் கரை எண்ட மாதிரி ஏதோ எண்டு மகன் வாசிச்சுச் சொன்னவன்."

"அண்ணை, தயவுசெய்து அதைக் கவுன்சிலுக்குக் குடுக்காதேங்கோ. நான் இப்ப வாறன்."

"நேற்றே குடுத்தாச்சு. கவுண்டரிலை நிண்ட பிள்ளை திறந்து பாத்திட்டு, பியூட்டிபுல் எண்டு சொன்னது."

சென்னைக்கு அடித்தேன். எங்கள் வேலைகளைச் செய்கிற செந்தில்தான் எடுத்தான்.

"கைவைக்காதே எண்டு எழுதினது கண்ணிலை படேல்லையோ?"

"பாத்தேண்ணா. நீங்க ஏதோ கோபத்துல எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். அழுக்குத் தண்ணிய யாருண்ணா ஆல்பம் போடுவா? அந்தப் பெரியவரு பாவம், பூசணிக்காயோட சேத்துல நிக்கிறாரு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அதான் தண்ணிய மாத்தி, அந்தக் கம்பி, கோபுரம், தூணுல கிறுக்கி வச்சிருந்தது எல்லாம் தூக்கிட்டேன். ராத்திரி முழுக்க உக்காந்து பண்ணேன். நல்லா வந்திருக்குல்ல?"

அவன் மனம் நிறைந்து செய்திருக்கிறான். போனை வைத்துவிட்டு, மூலப் படங்களைப் பெரிதாக அடித்து ஓர் உறையில் வைத்தேன்.

அன்றே மகாலிங்கண்ணையைக் கூட்டிக்கொண்டு கவுன்சிலுக்கு ஓடினேன். தோட்டங்களுக்குப் பொறுப்பான, கரை உயரம் என்று எழுதிய அலுவலரின் பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும். பொறுமையான பெண். மகாலிங்கண்ணைக்கு டேனிஷ் தெரியும், ஆங்கிலம் வராது. ஆகவே நான் மொழிபெயர்ப்பாளனுமானேன். அல்பம் ஹெலனின் மேசையில் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நீலத் தண்ணீர். பாலத் தூணில் மல்லிகைக் கொடி. மிதக்கும் பூசணிகளுக்குப் பக்கத்தில் தாமரைகள். நடுவில் மகாலிங்கண்ணை, முகச் சுருக்கம் ஒன்றும் இல்லாமல், வாரியைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிக அழகாக இருக்கிறது," என்றார் ஹெலன். "ஆனால் எதற்காக இதை எனக்குத் தந்தீர்கள் என்று விளங்கவில்லை. வெள்ளம் எங்கே?"

நான் கொண்டுபோன உறையைத் திறந்து மூலப் படங்களை மேசையில் அடுக்கினேன். அவர் ஒன்றை எடுத்தார், அல்பத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நேற்று ஒரு ஆற்றைத் தந்தீர்கள். இன்று இன்னொரு ஆற்றைத் தருகிறீர்கள். நான் எதை நம்புவது?"

அல்பம் வேறு இடத்தில் எடுத்தது, மாறி வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு பொய்ப் படத்தைக் காப்பாற்ற இன்னொரு பொய்யைச் சொன்னால், பிறகு உண்மைப் படத்துக்கு யார் சாட்சி? நடந்ததை அப்படியே சொன்னேன். சென்னையைச் சொன்னேன், பருவை அழிப்பதைச் சொன்னேன், அன்னத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படி மாற்ற முடிந்தவர்களால், இப்படியும் மாற்ற முடியும்தானே?"

மகாலிங்கண்ணை என் கையைச் சுரண்டினார். "என்னவாம்? பிடிச்சிருக்காமோ?"

"கொஞ்சம் பேசாமல் இருங்கோ அண்ணை."

அப்போதுதான் அந்தத் தூண் நினைவுக்கு வந்தது. பாலத்துக்குக் கீழே மழை படாது. தண்ணீர் வந்த அடையாளத்தைக் கழுவ அங்கே ஒன்றும் இல்லை. ஹெலனிடம், படத்தை நம்ப வேண்டாம், தூணை வந்து பாருங்கள் என்றேன். யோசித்துவிட்டு, சரி, வருகிறேன் என்றார். அந்த இடைப்பட்ட நாட்களில் ஒருவன் தண்ணீர் அடித்துத் தூணைக் கழுவிவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்ததை உங்களுக்குச் சொல்லாமல் விடலாம். ஆனால் பயந்தேன்.

அவர் வந்த நாளில் மரங்களில் இலை இல்லை. ஆறு பழையபடி நாடாவாகி, ஒன்றுமறியாத பிள்ளை போலக் கிடந்தது. மூன்று பேரும் சேற்றில் காலை இழுத்து இழுத்துப் பாலத்துக்குக் கீழே போனோம். தூணில் நீல எழுத்துகள் அப்படியே இருந்தன. அவற்றின் இடுப்புக்குக் குறுக்கே, ஓவியன் இழுத்தது போல நேராக, காய்ந்த சேற்றுக் கோடு. கோட்டுக்குக் கீழே எழுத்துகள் மண்ணிறம், மேலே நீலம். கோட்டில் இரண்டு வில்லோ இலைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஹெலன் என் படத்தைத் தூணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். படத்தில் தண்ணீர் எந்த எழுத்தை எங்கே வெட்டியதோ, தூணில் சேறும் அதே எழுத்தை அதே இடத்தில் வெட்டியது. பிறகு அவர் திரும்பி, அந்தக் கோட்டுக்கு நேராகத் தோட்டத்தைப் பார்த்தார். கரை அவர் நினைத்ததைவிட எவ்வளவு தாழ்வு என்பது அங்கே நின்றால் யாருக்கும் தெரியும்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உங்கள் காலத்தில் ஒரு விரலால் அன்னத்தை விடலாம், அன்னத்தை எடுக்கலாம். ஆகவே படத்துக்குள் யாரும் விரும்பாத, யாராலும் நகர்த்த முடியாத ஒரு பொருளுக்கு இடம் விடுங்கள். நாளைக்கு உங்களை நம்பாதவர்கள் அந்த இடத்துக்கு வந்து தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக அது இருக்கட்டும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஹெலன் என்னிடம் திரும்பினார்.

"அவருக்கு அநியாயம் நடந்திருக்கிறது. கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதைவிட நல்ல செய்தியும் இருக்கிறது. மேலே, வாசலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு காலியாகியிருக்கிறது. தண்ணீர் ஏறாது. நல்ல மண். நல்ல அயலவர்கள். அதை அவருக்கே தருகிறேன். சொல்லுங்கள்."

எனக்கு உயிர் வந்தது. மகாலிங்கண்ணைக்குச் சொன்னேன். அவர் மேல் வரிசையை ஒரு தரம் பார்த்தார்.

"வேண்டாமெண்டு சொல்லும்."

"என்ன?"

"வேண்டாம். எனக்கு இதுதான் வேணும்."

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? இதிலை வருசா வருசம் எல்லாம் ஆத்தோடை போகுது. நான் சூட்டோடை வந்து நனைஞ்சது எதுக்கு? இந்த மனிசி சேத்துக்குள்ளை நிக்கிறது எதுக்கு?"

"கத்தாதையும். மேலை பாரும், வேலிக்கு வேலி ஆக்கள். ஒருத்தர் மாறி ஒருத்தர் ஹலோ சொல்லுவினம். எனக்கு வீட்டிலையும் அதுதான், எப்பவும் ஆரோ ஒராளுக்கு இடைஞ்சலா நிக்கிறன். நான் இஞ்சை மரக்கறிக்கு மட்டுமே வாறன்? இந்த மூலைக்கு ஒருத்தரும் வராயினம்."

ஹெலன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

மிகவும் சந்தோசம், நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு சொல் போதும். மகாலிங்கண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு வருடத்தில் மேல் வரிசையின் நல்ல மண்ணைக் கண்டு, நான் செய்தது சரி என்று தானே சொல்வார். எல்லோருக்கும் நல்லது. என் சப்பாத்துக்கும் நல்லது. வாயைத் திறந்தேன். செந்திலும் இப்படித்தானே அந்த மனிதர் மேல் இரக்கப்பட்டு ஓர் இரவு முழுவதும் குந்தியிருந்து வேலை செய்தான் என்ற எண்ணம் குறுக்கே வந்தது.

"அவருக்கு அந்தத் துண்டு வேண்டாமாம். இதுதான் வேண்டுமாம். இங்கே யாரும் வரமாட்டார்களாம், அதனால்தானாம்," என்றேன்.

"மறுபடியும் வெள்ளம் வரும் என்பது அவருக்கு விளங்குகிறதா?"

கேட்டேன். "தண்ணி வரும், போகும். அதிலை அவவுக்கென்ன?" என்றார் மகாலிங்கண்ணை. கடைசி வார்த்தைகளை மட்டும் வெட்டிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வெட்டவில்லை. முழுவதையும் சொன்னேன்.

ஹெலன் ஆற்றைப் பார்த்தார். வீதி இரைந்துகொண்டிருந்தது. பிறகு கையிலிருந்த தாளில் எதையோ வெட்டி எதையோ எழுதினார்.

மகாலிங்கண்ணை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதற்குள் தன் துண்டுக்குப் போய், வெள்ளம் சரித்துவிட்டுப் போன அவரைக்கொடிப் பந்தல் கம்புகளைச் சேற்றிலிருந்து பிடுங்கத் தொடங்கிவிட்டார்.

"அவருடையதுதான் என்று சொல்லுங்கள்," என்றார் ஹெலன்.

"அண்ணை! தந்தாச்சாம்! உங்கடைதானாம்!"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி, சரி. அங்கை நிண்டு என்ன செய்யிறீர்? இஞ்சை வந்து இந்தக் கம்பைப் பிடியும்."

போய்ப் பிடித்தேன்.